பளிச்சிட்டால்தான் பார்ப்பீர்களா?

"கருந்துளை வெடித்தது!", "விஞ்ஞானிகள் அதிர்ச்சி!", "பூமிக்கு ஆபத்தா?" இந்த மூன்றில் ஒன்றாவது இல்லாமல் பிளேசார் பற்றி ஒரு தமிழ்ச் செய்தி படித்திருக்கிறீர்களா நண்பர்களே? படித்திருந்தால் நீங்கள் கொடுத்து வைத்தவர். எனக்கு அந்தப் பாக்கியம் இன்னும் கிடைக்கவில்லை.

செய்தி எழுதுகிறவர்களை மட்டும் திட்டுவதற்காக இந்தப் பதிவு இல்லை. அவர்களுக்கு அது பிழைப்பு, விடுங்கள். இயற்பியல் படிக்கிற நம்ம ஆட்களும், ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்குகிற பெரியவர்களும் அதே புத்தியோடு இருக்கிறார்களே, அதுதான் வயிற்றெரிச்சல். செமினாரில் ஒருவர் எழுந்தால் முதல் ஸ்லைடே மாபெரும் வெடிப்புதான். புராஜெக்டுக்கு எதை எடுக்கலாம் என்று கேட்டால் கிடைக்கும் அறிவுரை: "சமீபத்தில் ஃப்ளேர் அடித்ததாகப் பார்த்து எடு. சும்மா கிடக்கிறதை எடுத்தால் பேப்பர் வராது." ஆக, சும்மா கிடக்கிற பிளேசாருக்கு மரியாதை இல்லை. அதை ராத்திரி ராத்திரியாகப் பார்த்துக் குறித்து வைக்கிறவருக்கும் மரியாதை இல்லை.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். சும்மா கிடந்த நாட்களின் கணக்கு கையில் இல்லாவிட்டால் அந்த ஃப்ளேருக்கு அர்த்தமே கிடையாது. அந்தக் கணக்கை எழுதுகிற வேலையைத்தான் நாம் கேவலமாக நடத்துகிறோம்.

முதலில், தெரியாதவர்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். (தெரிந்தவர்கள் ஒரு பத்தி தாண்டி வாருங்கள்.)

பெரிய கேலக்ஸிகளின் நடுவில் சூரியனைப்போல் பல கோடி மடங்கு, சில இடங்களில் நூறு கோடி மடங்குக்கும் மேல் நிறையுள்ள கருந்துளை உட்கார்ந்திருக்கிறது. சுற்றியிருக்கும் வாயு அதில் போய் விழும்போது சில கேலக்ஸிகளில் இரண்டு எதிரெதிர்த் திசைகளில் தாரைகள் பீறிடுகின்றன. ஜெட் என்பார்கள். அதிலுள்ள பொருள் ஒளியின் வேகத்தில் 99 சதவீதத்துக்கும் மேலான வேகத்தில் பாய்கிறது. இரண்டு தாரைகளில் ஒன்று தற்செயலாக நம் பக்கம் குறிவைத்திருந்தால் அதற்கு பிளேசார் என்று பெயர். ரேடியோ அலையிலிருந்து காமா கதிர் வரை அதிலிருந்து வெளிச்சம் வரும். ஆனால் ஒரே அளவாக வராது. சில சமயம் திடீரென்று பல மடங்கு ஏறும், பிறகு இறங்கும். அந்த ஏற்றம்தான் ஃப்ளேர். நான் இனிமேல் சீற்றம் என்று எழுதுகிறேன்.

சரி, சண்டைக்கு வருவோம்.

முதல் குற்றச்சாட்டு, "வெடித்தது" என்ற சொல். பெகாசஸ் விண்மீன் குழுவின் திசையில் சிடிஏ 102 என்று ஒரு பிளேசார் இருக்கிறது. 2016 டிசம்பர் கடைசியில் அது தன் மங்கலான நிலையைவிட 6 மேக்னிட்யூட் ஏறியது. கணக்குப் போட்டால் சுமார் 250 மடங்கு. அதன் ஒளி நம்மை வந்து சேர ஏறக்குறைய 800 கோடி ஆண்டு ஆகிறது. அதாவது அந்த வெளிச்சம் கிளம்பியபோது பூமியே பிறக்கவில்லை. அப்பேர்ப்பட்ட தூரத்திலிருப்பது ஓர் அமெச்சூர் ஆள் வீட்டு மாடியில் வைத்திருக்கும் தொலைநோக்கியில் தெரிகிற அளவுக்கு வந்துவிட்டது. கேட்டாலே புல்லரிக்கும், ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் வெடித்ததா? கிளவுடியா ராய்டெரி தலைமையிலான குழு 2017ல் நேச்சரில் ஒரு விளக்கம் வெளியிட்டது. தாரை நெளிந்து வளைந்திருக்கிறது, ஒளி வரும் பகுதி நம் பார்வைக் கோட்டுக்கு நேராகத் திரும்பியது, அதனால் பிரகாசம் கூடியது என்பது அதன் சாரம். கொல்லிமலையோ ஏற்காடோ, ஏதாவது ஒரு மலைப்பாதையில் ராத்திரி நின்று பாருங்கள். எதிரே வரும் பஸ் கொண்டை ஊசி வளைவில் திரும்பும்போது ஹெட்லைட் கண்ணில் பளீரென்று அடிக்கும். உடனே "ஐயோ, பஸ் வெடித்துவிட்டது" என்று யாராவது கத்துவார்களா?

ஒளியின் வேகத்தில் 99.5 சதவீதத்தில் வரும் பொருளுக்கு இந்தத் திரும்பும் விளைவு சாதாரணமானது இல்லை. எளிய கணக்கின்படி நேராக நம்மைப் பார்த்துக்கொண்டிருந்தது 6 டிகிரி விலகினாலே பிரகாசம் 16ல் ஒரு பங்காகிவிடும். திருப்பிப் பார்த்தால், 6 டிகிரி நம் பக்கம் திரும்பினால் 16 மடங்கு. உள்ளே ஒரு மாற்றமும் நடந்திருக்கத் தேவையில்லை!

இதே சிடிஏ 102க்கு வேறு ஒரு குழு வேறு விளக்கம் சொல்கிறது. தாரையின் குறுக்கே ஒரு வாயு மேகம் வந்து மாட்டி, கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து தாரையோடு போனது என்கிறார்கள். எது சரி என்பது அந்த ஒரு ராத்திரியின் உச்சப் பிரகாசத்தை வைத்துத் தீராது. மாதக்கணக்கில் ஒவ்வொரு நிறத்திலும் எப்படி ஏறியது, எப்படி இறங்கியது, அதற்கு முந்தைய வருடங்களில் எப்படி இருந்தது என்பதை வைத்துத்தான் வாதாட முடியும். ராய்டெரி குழுவுக்கு அந்தத் தகவல் எங்கிருந்து வந்தது? 1997ல் தொடங்கிய ஹோல் எர்த் பிளேசார் டெலஸ்கோப் என்ற கூட்டமைப்பிலிருந்து. பெயர்தான் ஒற்றை டெலஸ்கோப் மாதிரி இருக்கிறது. நிஜத்தில் பல நாடுகளில் சிதறிக் கிடக்கும் பல தொலைநோக்கிகள், அமெச்சூர்களுடையதும் சேர்த்து. அவர்கள் பெயரை எந்தத் தலைப்புச் செய்தியில் பார்த்தீர்கள்?

சிடிஏ 102க்கு இது முதல் அவமானமும் இல்லை. 1965ல் சோவியத் வானியலாளர் ஷொலொமிட்ஸ்கி அதன் ரேடியோ வீச்சு சுமார் 100 நாள் கணக்கில் ஏறி இறங்குவதாகச் சொன்னார். அதற்குக் கொஞ்ச காலம் முன்புதான் கார்தஷேவ் இந்த மூலம் வேற்றுக்கிரக நாகரிகத்தின் வேலையாக இருக்கலாம் என்று ஒரு யோசனையை வைத்திருந்தார். இரண்டையும் சேர்த்துப் பின்னி டாஸ் செய்தி நிறுவனம் உலகத்துக்கே அறிவித்துவிட்டது. அமெரிக்காவில் தி பேர்ட்ஸ் என்ற இசைக்குழு 1967ல் அதன் பெயரில் பாட்டே போட்டது. அதே 1965ல் மார்ட்டன் ஷ்மிட் அதன் நிறமாலையை அளந்து, அது வெகுதூரத்து குவாசார் என்று காட்டிவிட்டார். வேற்றுக்கிரகவாசி அத்தோடு காலி. மினுக்கினால் ஆள் இருக்கிறான் என்றார்கள் அன்று. பளிச்சிட்டால் வெடித்துவிட்டது என்கிறார்கள் இன்று. அரை நூற்றாண்டு ஓடியும் பழக்கம் மாறவில்லை.

இரண்டாவது குற்றச்சாட்டு இன்னும் கனமானது. சீற்றத்தை மட்டும் பார்த்தால் தப்பான முடிவுக்கு வருவோம். கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்கு இது உடனே புரியும். ஹைலைட்ஸில் ஒருவர் அடித்த சிக்ஸர்களை மட்டும் காட்டுகிறார்கள். அதை வைத்து அவருடைய ஸ்ட்ரைக் ரேட்டைச் சொல்ல முடியுமா? டாட் பால் எத்தனை என்று தெரிய வேண்டாமா?

2017 செப்டம்பர் 22. தென்துருவப் பனிக்குள் புதைத்து வைத்த ஐஸ்கியூப் கருவியில் மிக அதிக ஆற்றல் கொண்ட ஒரு நியூட்ரினோ சிக்கியது. (தேனி மாவட்டத்து ஆய்வகச் சண்டையில் கேள்விப்பட்டீர்களே, அதே நியூட்ரினோதான். ஆனால் இது வானத்திலிருந்து தானாக வந்தது.) அது வந்த திசையில், ஏறக்குறைய 400 கோடி ஒளியாண்டு தொலைவில் டிஎக்ஸ்எஸ் 0506+056 என்ற பிளேசார். ஃபெர்மி செயற்கைக்கோளின் பதிவைப் பார்த்தால் அந்த பிளேசார் அப்போது காமா கதிரில் சீறிக்கொண்டிருந்தது. 2018 ஜூலையில் முடிவு வெளியானது. "புதிர் விடுபட்டது, சீறும் பிளேசார்தான் நியூட்ரினோவைக் கக்குகிறது" என்று உலகம் முழுக்கக் கொண்டாட்டம்.

கொண்டாட்டத்தில் யாரும் படிக்காத பக்கம் ஒன்று இருந்தது. அந்தக் குழுவினரே பழைய பதிவுகளைத் தோண்டிப் பார்த்தார்கள். 2014 செப்டம்பர் முதல் 2015 மார்ச் வரை அதே திசையிலிருந்து எதிர்பார்த்ததைவிட 13 நியூட்ரினோக்கள் அதிகமாக வந்திருக்கின்றன (கூடக்குறைய 5). ஒன்று வந்ததற்கு அவ்வளவு ஆரவாரம் என்றால் 13 வந்த மாதங்களில் பிளேசார் எப்படித் தகதகவென்று எரிந்திருக்க வேண்டும்? ஃபெர்மி பதிவைப் பார்த்தால்... ஒன்றுமே இல்லை. காமா கதிரில் பெரிய சீற்றம் எதுவும் கிடையாது. சும்மா கிடந்திருக்கிறது!

இந்த ஓர் எண், "சீறினால் நியூட்ரினோ" என்ற அழகான கதையின் காலை வாரிவிடுகிறது. அது எங்கே கிடைத்தது? யாரும் கைதட்டாத மாதங்களின் பதிவில். ஃபெர்மி 2008லிருந்து வானம் முழுவதையும் சில மணி நேரத்துக்கு ஒரு முறை சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டே இருந்தது; எது பளிச்சிடுகிறதோ அதை மட்டும் பார்க்கவில்லை. அதனால்தான் "அப்போது சீற்றம் இல்லை" என்று அடித்துச் சொல்ல முடிந்தது.

2017 நிகழ்வேகூட, தற்செயல் பொருத்தத்துக்கான எல்லாத் திருத்தங்களும் போட்ட பிறகு 3 சிக்மாதான். சுமார் 700ல் ஒரு வாய்ப்பு. துகள் இயற்பியலில் கண்டுபிடிப்பு என்று சொல்ல 5 சிக்மா கேட்பார்கள், 35 லட்சத்தில் ஒரு வாய்ப்பு. இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரத்தைத் தலைப்புச் செய்தி ஒரே தாவாகத் தாவிவிட்டது. பிறகு 2022 நவம்பரில் அதே ஐஸ்கியூப் 4.2 சிக்மாவில் ஓர் ஊற்றைக் காட்டியது. சுமார் 80 நியூட்ரினோக்கள். அது என்ன தெரியுமா? என்ஜிசி 1068. சுமார் 4.7 கோடி ஒளியாண்டு தூரத்தில் நம் பக்கத்து வீடு மாதிரி இருக்கும் கேலக்ஸி. பிளேசாரே இல்லை, நம்மை நோக்கிய தாரையும் இல்லை. அந்த 80ம் ஒரே நாளில் கொட்டியவை இல்லை. பத்தாண்டுப் பதிவைச் சேர்த்து அலசியபோது தேறியவை. பொறுமைக்குக் கிடைத்த கூலி.

மூன்றாவது, வராத சீற்றம். ஓஜே 287 என்ற பிளேசாரின் ஒளிப்படத் தகடுகள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே இருக்கின்றன. அதைப் படம் பிடிக்க யாரும் நினைக்கவில்லை. சூரியனும் கோள்களும் போகும் பாதைக்குப் பக்கத்தில் இருந்ததால் வேறு எதையோ எடுத்த தகடுகளில் ஓரமாக விழுந்து கிடந்தது. அந்த ஓரத்துப் புள்ளிகளைச் சேர்த்துத்தான் ஃபின்லாந்தின் சில்லன்பா குழு 1988ல், சுமார் 12 ஆண்டுக்கு ஒரு முறை இது சீறுகிறது, உள்ளே இரண்டு கருந்துளைகள் ஒன்றையொன்று சுற்றுகின்றன என்றது. பெரியதன் நிறை சூரியனைப்போல் 1800 கோடி மடங்கு என்று பின்னால் வந்த மாதிரி சொன்னது. 2019 ஜூலை 31ல் வரும் என்ற சீற்றம் சொன்ன நேரத்துக்குச் சில மணி நேரத்துக்குள் வந்ததை ஸ்பிட்சர் விண்தொலைநோக்கி பார்த்தது. சபாஷ்!

அடுத்தது 2022 அக்டோபரில் எதிர்பார்க்கப்பட்டது. ஸ்டெஃபனி கோமோஸா குழு ஸ்விஃப்ட் செயற்கைக்கோளோடு காத்திருந்தது. வரவில்லை. கணித்தவர்கள் மாதிரியைக் கைவிடவில்லை, தங்கள் பக்க விளக்கத்தை வைத்திருக்கிறார்கள். கோமோஸா குழுவோ பெரிய கருந்துளையின் நிறை 10 கோடி மடங்குதான் என்கிறது. 1800 கோடி எங்கே, 10 கோடி எங்கே! இந்தச் சண்டையை மூட்டியது வந்த வெளிச்சம் இல்லை, வராத வெளிச்சம். வரவில்லை என்று சொல்ல அந்த நாட்களில் ஒருவர் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும். சீறினால் தகவல் சொல்லு, வருகிறேன் என்று இருப்பவரால் "சீறவில்லை" என்ற செய்தியை எந்தக் காலத்திலும் தர முடியாது.

நான்காவதாக ஒன்று. தாரைக்குள் துகள்கள் எப்படி அவ்வளவு ஆற்றல் பெறுகின்றன என்பது பெரிய கேள்வி. அதற்குக் கிடைத்த நல்ல தடயங்களில் ஒன்று 2022 மார்ச்சில் ஐஎக்ஸ்பிஇ செயற்கைக்கோள் மார்க்கேரியன் 501ஐப் பார்த்தபோது வந்தது. எக்ஸ்ரே ஒளியின் முனைவாக்கம் சுமார் 10 சதவீதம், கண்ணுக்குத் தெரியும் ஒளியில் அதில் பாதி அளவு. அதிர்வலையின் முகப்பில் துகள்கள் முடுக்கம் பெற்று, அங்கிருந்து விலகி ஓட ஓட ஆற்றலை இழக்கின்றன என்பதற்கு இது பொருந்துகிறது. அன்று அந்த பிளேசார் பெரிய சீற்றம் எதிலும் இல்லை. சாதாரண நாள்!

இப்போது எதிர்த்தரப்பு வாதம். நியாயமானதுதான், ஒதுக்க மாட்டேன். "தொலைநோக்கி நேரம் குறைவு, பணம் குறைவு. சீறும்போதுதான் ஒளித்துகள்கள் நிறைய வருகின்றன, அப்போதுதான் நுணுக்கமாக அளக்க முடிகிறது." உண்மை. 2006 ஜூலை 28 அதிகாலை நமீபியாவில் உள்ள ஹெஸ் தொலைநோக்கிகள் பிகேஎஸ் 2155-304ன் காமா வெளிச்சம் 200 விநாடி அளவிலேயே ஏறி இறங்குவதைப் பிடித்தன. நூறு கோடி சூரிய நிறையுள்ள கருந்துளையின் ஆரத்தைக் கடக்க ஒளிக்கே ஏறக்குறைய 2 மணி 45 நிமிடம் வேண்டும். அப்படியிருக்க மூன்று நிமிடத்தில் எப்படி மாறுகிறது? இந்த அருமையான கேள்வி மங்கலான நாளில் கிடைத்திருக்காது. டிஎக்ஸ்எஸ் 0506ம் அன்று சீறியிருக்காவிட்டால் யாரும் அதைத் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஆகவே சீறும்போது ஓடாதே என்று நான் சொல்லவில்லை. ஓடு. ஆனால் ஓடுகிறவருக்கு "சீறுகிறது" என்று தகவல் சொன்னது யார்? தினமும் பார்த்துக்கொண்டிருந்தவர். "பல மடங்கு" என்று எழுதுகிறீர்களே, எதன் மடங்கு? அந்த "எது" எங்கிருந்து வந்தது? காய்ச்சல் 104 என்றால் டாக்டர் பதறுவது 98.6 என்ற சாதாரண எண் முன்பே தெரிந்திருப்பதால்தானே. பிளேசாருக்கு அந்தச் சாதாரண எண் பாடப்புத்தகத்தில் இருக்காது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக, வருடக்கணக்கில் பார்த்துத்தான் எழுத வேண்டும்.

அப்படி எழுதியவர்களின் கதி என்ன? மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் 26 மீட்டர் ரேடியோ தொலைநோக்கியில் ஹியூ அல்லர், மார்கோ அல்லர் தம்பதி நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்த மூலங்களைத் தொடர்ந்து அளந்தார்கள். 2012ல் அது நின்றது. ஃபெர்மிக்குத் துணையாக அரிசோனாவின் ஸ்டூவர்ட் ஆய்வகத்தில் 2008ல் தொடங்கிய ஒளி முனைவாக்கக் கண்காணிப்பு 2018ல் முடிந்தது. மூன்றே வருடம் கழித்து, 2021 டிசம்பரில், முனைவாக்கத்தை அளக்கவே ஐஎக்ஸ்பிஇயை ராக்கெட்டில் ஏற்றினார்கள். பத்தாண்டு ஓடிய கணக்குப் புத்தகம் சரியாகத் தேவைப்படும் நேரத்தில் மூடிக் கிடக்கிறது. புதிய கருவி திறக்க ரிப்பன் வெட்டலாம், படம் எடுக்கலாம். பழைய கருவி பதினேழாவது வருடமும் ஓடுவதற்கு ரிப்பன் வெட்ட முடியாதே! விட்டுப்போன வருடத்தைப் பிறகு எவ்வளவு கோடி கொட்டினாலும் வாங்க முடியாது என்பதுதான் இதில் கொடுமை. அந்த வெளிச்சம் நம்மைத் தாண்டிப் போய்விட்டது.

சரி, புலம்பி என்ன ஆகப் போகிறது, என்ன செய்யலாம் என்கிறீர்களா? சொல்கிறேன்.

செய்தி எழுதும் நண்பர்களே, அடுத்த முறை இந்த மூன்றையும் கேட்டுவிட்டு எழுதுங்கள். எதோடு ஒப்பிட்டு இத்தனை மடங்கு? எத்தனை வருடம் பார்த்துச் சொல்கிறார்கள்? உள்ளே ஏதாவது நடந்ததா, இல்லை தாரை நம் பக்கம் திரும்பியதா? பூமிக்கு ஆபத்தா என்பதை விட்டுவிடுங்கள். 800 கோடி ஒளியாண்டு சார், ஆபத்து இல்லை.

வகுப்புத் தோழர்களே, உங்களுக்குத் தொலைநோக்கிகூட வேண்டாம். ஃபெர்மி குழு 1500க்கும் மேற்பட்ட மூலங்களின் காமா ஒளி வரைபடங்களை யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும்படி இலவசமாகப் போட்டு வைத்திருக்கிறது. மூன்று நாள், ஒரு வாரம், ஒரு மாதம் என்று பிரித்தே கொடுத்திருக்கிறார்கள். ஹாஸ்டல் லேப்டாப் போதும். எல்லோரும் எடுக்கும் பெயர்களை விட்டுவிட்டு, யாரும் சீண்டாத ஒன்றை எடுத்து, அதன் சாதாரண நாள் எப்படி இருக்கிறது என்று முதலில் எழுதுங்கள். எத்தனை சதவீத நாட்கள் சும்மா கிடக்கிறது, சும்மா கிடக்கும்போதும் எவ்வளவு ஆடுகிறது என்று ஒரு பக்கம். "இதில் என்ன புதுசு?" என்று வைவாவில் கேட்டால், டிஎக்ஸ்எஸ் 0506ன் அந்த 2014-15 மாதங்களைக் காட்டுங்கள். பதில் சொல்ல வேண்டியது அப்புறம் கேட்டவர்தான்.

பி.கு: "சும்மா கிடப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க அரசாங்கம் ஏன் பணம் தர வேண்டும்?" என்று கேட்கப் போகிறவர்கள் பின்னூட்டத்தில் தாராளமாகக் கேட்கலாம். மழை பெய்யாத நாளிலும் மழைமானியைப் பார்த்து 0 என்று எழுதி வைக்கிற ஊழியருக்கு ஏன் சம்பளம் தருகிறோம் என்பதை மட்டும் முதலில் சொல்லிவிட்டுக் கேளுங்கள்.